புளிப்பு முந்த வேண்டும்

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கார்த்திகையில், நான்கு நாட்களாக விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், குன்னூரில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை இறக்கி, அதன் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். உள்ளே இரண்டு லிட்டர் கொம்புச்சா இருந்தது. ஊற்றிவைத்து அன்று ஆறாம் நாள். மேலே படிந்திருந்த வெண்மையான ஆடையின் மீது ஐந்து வட்டப் புள்ளிகள் தெரிந்தன. நான்கு புள்ளிகள் மிளகு அளவே இருந்தன. ஐந்தாவது பழைய ஐம்பது பைசா நாணயத்தின் அளவுக்கு விரிந்து, நடுவில் நீலம் கலந்த பச்சையாகவும் ஓரத்தில் பஞ்சு போன்ற வெண்மையாகவும் இருந்தது. ஜாடியைச் சற்றுச் சாய்த்தபோது ஆடை முழுவதும் நனைந்து பளபளத்தது. அந்த ஐந்து இடங்கள் மட்டும் நனையாமல், பொடி தூவியதைப் போல உலர்ந்தே இருந்தன. பூசணம் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

அதற்கு முந்தைய பல வருடங்கள் மதுரையில் இருந்தோம். அங்கே தோசை மாவு புளிக்காமல் இருக்கத்தான் பாடுபட வேண்டும். கணவரின் வேலை காரணமாகக் குன்னூருக்கு வந்த பிறகு, மாவைக் கம்பளியில் சுற்றி அடுப்பருகில் வைத்தாலும் மறுநாள் நண்பகல்வரை பொங்காது என்பதை அறிந்துகொண்டேன். வீட்டைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும்போது தேநீரைப் புளிக்கவைக்கும் பானத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாமே என்ற எண்ணம் தோன்றியது. இந்த மாவுப் பாடத்தை அந்த ஜாடிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

கொம்புச்சாவைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சர்க்கரை கலந்த தேநீரை ஆறவைத்து, அதில் முன்பு புளித்த கொம்புச்சாவையும் அதன் மேல் படிந்த ஆடையையும் சேர்த்து, துணியால் மூடி ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருப்பதுதான் முறை. பாலுக்கு உறை ஊற்றுவதைப் போன்றது இது. ஸ்கோபி என்று அழைக்கப்படும் அந்த ஆடை, ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் ஒரு கூட்டுக்குடும்பம். ஈஸ்ட் சர்க்கரையை உடைத்துச் சிறிதளவு சாராயத்தையும் வாயுவையும் உண்டாக்குகிறது. அசிட்டிக் பாக்டீரியா காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அந்தச் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகரில் உள்ள அதே புளிப்பாக, மாற்றுகிறது. கூடவே செல்லுலோஸ் இழைகளைப் பின்னி மேற்பரப்பில் புதிய ஆடையையும் போடுகிறது. பலரும் ஆடையைத்தான் உறை என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் உறையின் வேலையைச் செய்வது, ஆடையோடு சேர்த்து ஊற்றப்படும் அந்தப் பழைய புளித்த நீர். ஆடை இல்லாமல் நீரை மட்டும் ஊற்றினாலும் கொம்புச்சா உருவாகும். நீர் போதாமல் ஆடையை மட்டும் போட்டால் என் ஜாடிக்கு நேர்ந்ததே நேரும்.

இணையத்தில் வரவழைத்த ஆடை ஒரு பிளாஸ்டிக் உறையில் வந்து சேர்ந்தது. அதனுடன் இருந்த நீர் நான்கு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 60 மில்லி. விற்றவர் அனுப்பிய குறிப்புச் சீட்டில் இரண்டு லிட்டர் தேநீருக்கு இது போதும் என்று எழுதியிருந்தது. நானும் நம்பி இரண்டு லிட்டரில் ஊற்றினேன். நூற்றுக்கு மூன்று பங்கு. இன்று நான் ஊற்றுவது நூற்றுக்கு இருபது பங்கு.

அன்று அம்மா ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தார். ஜாடியைப் பார்த்ததும், "மேலாப்புல இருக்கறத வழிச்சுப் போட்டா போதாதா, இதுக்குப் போயி அத்தனையையும் கொட்டுவாங்களா?" என்றார். மாங்காய் ஊறுகாயில் பூசணம் பூத்தால் எங்கள் வீட்டில் செய்வது அதுதான்: மேலே உள்ளதை வழித்தெடுத்து, எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் வைத்துவிடுவார்கள். அம்மாவின் ஊறுகாயைப் பற்றி அவரிடம் வாதாடும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை என்றாலும், நீர்ப் பொருளில் அந்த முறை கூடவே கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். கண்ணுக்குத் தெரியும் பச்சைப் பொடி பூஞ்சையின் வித்துகளைத் தாங்கிய பகுதி மட்டுமே. அதன் நூலிழைகள் ஆடைக்குள்ளும் அடியிலும் ஏற்கெனவே இறங்கியிருக்கும். கெட்டியான பொருளில் அவை மெதுவாகப் பரவுகின்றன. நீரிலோ, பூஞ்சை ஏதேனும் நஞ்சைச் சுரந்தால் அது ஜாடி முழுவதும் கலந்துவிடும். வழித்துப் போடுவதற்கு மேல், கீழ் என்ற வேறுபாடே அங்கே இல்லை.

நஞ்சு என்ற சொல்லை மிகைப்படுத்தி எழுதவில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன; காரணத்தைத் தேடியவர்கள், அவற்றுக்குத் தீவனமாகக் கொடுத்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சையிடம் போய்ச் சேர்ந்தார்கள். அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். 1974இல் நம் நாட்டிலேயே, ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்கள் கல்லீரல் பாதிக்கப்பட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த நஞ்சு கொதிக்கவைத்தால் அழிவதில்லை என்பதால், கொட்ட மனமில்லாமல் காய்ச்சிக் குடிக்கலாம் என்ற யோசனைக்கும் இடமில்லை. ஜாடியில் வளரும் எல்லாப் பூசணமும் இந்த வகையைச் சேர்ந்தது அல்ல. பெரும்பாலும் அது பெனிசிலியம் போன்ற வேறு இனமாக இருக்கும். ஆனால் எந்த இனம் என்பதை நிறத்தை மட்டும் பார்த்துச் சமையலறையில் யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. 150 ரூபாய்க்கும் குறைவான தேயிலைக்கும் சர்க்கரைக்கும் கல்லீரலைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ள, இரண்டு லிட்டரையும் கழிவுத்தொட்டியில் ஊற்றினேன். ஆடையை ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டேன்.

இதற்கு நேர் எதிரான தவற்றையும் அடுத்த சில மாதங்களில் செய்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு ஜாடியின் மேற்பரப்பில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஏதோ தோன்றியதும், சூடுபட்ட பூனையாக அதை உடனே கொட்டிவிட்டேன். பின்னர்தான் தெரிந்தது, அது புதிய ஆடை படியத் தொடங்கும் நிலை. இளம் ஆடை பெரும்பாலும் ஒரே சீராகப் படிவதில்லை. தீவுகளைப் போல அங்கங்கே தோன்றி, மூன்று நான்கு நாட்களில் ஒன்றோடொன்று இணையும். அது ஈரமாக, வடித்த கஞ்சியின் மேல் படியும் ஏட்டைப் போல ஒளி ஊடுருவும்படி இருக்கும். ஆடைக்கு அடியில் பழுப்பு நிறத்தில் நூல் நூலாகத் தொங்குவது ஈஸ்ட். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் தீங்கற்றது. சுருக்கம் சுருக்கமாக, உலர்ந்த வெள்ளைத் தாளைக் கசக்கி விரித்ததைப் போல மேற்பரப்பு முழுவதும் பரவுவது காம் எனப்படும் காட்டு ஈஸ்ட் படலம். இது நஞ்சு அல்ல. ஆனால் சுவையைக் கெடுக்கும், புளிப்பு போதவில்லை என்பதற்கு அடையாளமாகவும் நிற்கும். பூசணமோ எப்போதும் காற்றுப்படும் மேற்பரப்பில்தான் இருக்கும், நீருக்குள் மூழ்கி வளராது, வட்டமாக விரியும், பஞ்சு அல்லது பொடி போல உலர்ந்திருக்கும், முதலில் வெள்ளையாகத் தோன்றி, வித்துகள் முற்றியதும் பச்சையாகவோ நீலமாகவோ கறுப்பாகவோ மாறும். ஐயமாக இருந்தால் நான் இப்போது செய்வது, ஜாடியைத் தொடாமல் இரண்டு நாள் பொறுத்திருப்பது. ஆடை என்றால் தடிக்கும், பூசணம் என்றால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் ஜாடியைக் கொட்டிய பிறகு எல்லாரையும் போல நானும் சுத்தத்தின் மீது பழியைப் போட்டேன். ஜாடியை இரண்டு முறை கொதிநீரில் அலசினேன். கரண்டி, வடிகட்டி, துணி எல்லாவற்றையும் வேகவைத்தேன். கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அறுவை சிகிச்சைக்குத் தயாராவதைப் போன்ற அத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகு ஊற்றிவைத்த இரண்டாவது ஜாடியிலும் எட்டாம் நாள் பூசணம் பூத்தது. அப்போதுதான் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பது புரிந்தது. பூசணத்தின் வித்துகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பதில் பயனில்லை. அவை காற்றில் எப்போதும் இருக்கின்றன. குன்னூரின் மழைமாதங்களில் செருப்பிலும் தோல் இடைவாரிலும் புத்தக அட்டையிலும்கூடப் பூக்கின்றன. கொதிக்கும் தேநீரில் அவை பிழைப்பதில்லை. ஆனால் தேநீர் ஆறும் அந்த ஓரிரு மணி நேரத்தில் புதிய வித்துகள் வந்து விழுந்துவிடுகின்றன. கேட்க வேண்டிய கேள்வி, விழுந்த வித்து முளைப்பதற்குள் அந்த நீர் அதற்கு ஆகாத இடமாக மாறிவிட்டதா என்பதுதான். இது ஒரு பந்தயம். முதல் மூன்று நான்கு நாட்களிலேயே முடிவாகிவிடும் பந்தயம். அதில் புளிப்பு முந்த வேண்டும்.

என் சமையலறையில் புளிப்பு ஏன் பிந்தியது என்பதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதல் காரணத்தை முன்பே சொல்லிவிட்டேன்: உறைநீர் போதவில்லை. ஆறிய சர்க்கரைத் தேநீர் ஏறக்குறைய புளிப்பற்றது. புளிப்பை அளக்கும் எண்ணுக்கு பிஎச் என்று பெயர்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நன்கு புளித்த பழைய கொம்புச்சாவின் பிஎச் அளவு மூன்றை ஒட்டி இருக்கும். பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை அதைச் சேர்த்தால், கலவையின் பிஎச் தொடக்கத்திலேயே 4.5க்குக் கீழே இறங்கிவிடுகிறது. பந்தயத்தைப் பாதித் தூரத்திலிருந்து தொடங்குவதைப் போன்றது இது. பிஎச் தாள் வாங்கிய பிறகு, பழைய கணக்குப்படி நூற்றுக்கு மூன்று பங்கு உறைநீர் ஊற்றி ஒரு டம்ளரில் சோதித்துப் பார்த்தேன்; தாள் ஐந்தைக் காட்டியது. ஐந்து என்பது கொம்புச்சா பாக்டீரியாவுக்கும் வசதி, பூஞ்சைக்கும் வசதி.

பிஎச் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் ஏமாற்றிவிடும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். உறைநீர் குறைவாக இருந்த ஒரு சமயத்தில், எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பிஎச்சைக் குறைத்துவிடலாம் என்று எண்ணினேன். எலுமிச்சைச் சாறு கொம்புச்சாவைவிடப் புளிப்பானது, அதன் பிஎச் இரண்டை ஒட்டியது. ஆனால் அறுத்துவைத்து மறந்துபோன எலுமிச்சை மூடியில் பூசணம் பூப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோமே, அது எப்படி? பூஞ்சைகளில் பல வெறும் புளிப்புக்கு அஞ்சுவதில்லை. அவற்றைத் தடுப்பது அசிட்டிக் அமிலத்தின் ஒரு தனிக்குணம். இந்த அமிலம் நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: அயனியாகப் பிரிந்த வடிவம் ஒன்று, பிரியாமல் முழு மூலக்கூறாக நிற்கும் வடிவம் மற்றொன்று. பிரியாத மூலக்கூறு மட்டுமே பூஞ்சையின் செல் சவ்வைக் கடந்து எளிதாக உள்ளே நுழைந்து, அங்கே பிரிந்து, செல்லின் உட்புறத்தைப் புளிக்கச் செய்து அதன் வளர்ச்சியை முடக்குகிறது. பிஎச் 4.76 ஆக இருக்கும்போது அசிட்டிக் அமிலத்தில் பாதிதான் பிரியாமல் இருக்கும், 3.76க்கு இறங்கும்போது பத்தில் ஒன்பது பங்கு பிரியாமல் நிற்கும். ஆகவே வேண்டியவை இரண்டு: அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும், அது வேலை செய்யும் அளவுக்கு பிஎச் இறங்கியும் இருக்க வேண்டும். நல்ல உறைநீரில் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எலுமிச்சையில் இரண்டாவது மட்டுமே இருக்கிறது. உறைநீர் குறைந்தால் எலுமிச்சையை விட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரைச் சிறிது சேர்ப்பதே பொருத்தம். ஒரு முறை அப்படிச் செய்தேன்; பூசணம் வரவில்லை, ஆனால் அந்த ஜாடியின் சுவை தொண்டையைச் சுரண்டியது. அடுத்த ஜாடியில் அது சரியாகிவிட்டது.

இரண்டாவது காரணம் குளிர். கொம்புச்சாவுக்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 24 முதல் 29 டிகிரி வரை. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில், கார்த்திகை, மார்கழி இரவுகளில் எங்கள் சமையலறை 14 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் குளிரில் அசிட்டிக் பாக்டீரியா ஏறக்குறைய உறங்கிவிடும். பெனிசிலியம் இனப் பூஞ்சைகள் உறங்குவதில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் பச்சை பூப்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். குளிர் நமக்கு வேண்டியவர்களை மட்டும் படுக்கவைத்துவிட்டு, வேண்டாதவர்களை நடமாட விடுகிறது. ஆடையைப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு எடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பூசணத் தொல்லை அடிக்கடி வருவதற்கும் இதுவே காரணம். வெளியே எடுத்த பிறகும் பாக்டீரியா சோம்பல் முறித்து எழப் பல நாட்கள் ஆகின்றன.

இப்போது என் ஜாடி மீன் கடையில் வாங்கிய ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியின் மீன் வாடை போக ஒரு மாதம் ஆனது தனிக்கதை. உள்ளே ஒரு மூலையில் பழைய குண்டு வகை ஜீரோ வாட் பல்பு எரிகிறது. எல்இடி பல்பு சூடு தராது என்பதால் இதற்காகவே தேடிப் பிடித்து வாங்கினேன். பல்பு தெர்மோகோலையோ துணியையோ தொடாதபடி ஒரு தகர டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். வெப்பமானி பகலில் 27, விடியற்காலையில் 25 காட்டுகிறது. மூடியில் விரல் நுழையும் அளவுக்கு நான்கு துளைகள் போட்டிருக்கிறேன், ஏனெனில் காற்று வேண்டும்.

காற்று என்ற இந்த ஒன்றுதான் கொம்புச்சாவைப் பிற புளித்த பானங்களைவிடச் சிக்கலாக்குகிறது. பூஞ்சைக்கு ஆக்சிஜன் இல்லாமல் வளர முடியாது. ஆகவே காற்றை அடைத்துவிட்டால் அது ஒழிந்துவிடும். ஆனால் அசிட்டிக் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் தேவை. நண்பரும் பகைவரும் ஒரே வாசல் வழியாக வருவதால் அந்த வாசலை மூட முடியாது. சல்லடை மட்டுமே போடலாம். அந்தச் சல்லடைதான் துணி. கொசுவலை போன்ற துணி போதாது. அதில் பழ ஈ நுழைந்து முட்டையிட்டுவிடும், அதன் கால்களில் ஒட்டிக்கொண்டு வித்துகளும் வரும். நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுகிறேன். ஜாடிக்கு ஒரு துணி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வேகவைத்து வெயிலில் உலர்த்துகிறேன்.

பூசணம் மேற்பரப்பின் உலர்ந்த இடத்தில்தான் பிடிக்கிறது என்பதிலிருந்து இன்னொரு வழக்கமும் எனக்கு உண்டாயிற்று. பழைய ஆடை தடித்திருந்தால் அதன் முதுகு நீருக்கு மேலே தீவு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். முதல் ஜாடியில் ஐந்து புள்ளிகளும் அந்த முதுகில்தான் இருந்தன. ஆகவே ஆடையை இடும்போது கடைசியில் உறைநீரை அதன் தலையில் ஊற்றுகிறேன். முதல் நான்கு நாட்களுக்குத் தினமும் ஒருமுறை, தனியாக எடுத்துவைத்த உறைநீரில் இரண்டு கரண்டியை மேலே விட்டு முதுகை நனைக்கிறேன். ஜாடியைக் குலுக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. குலுக்கினால் புதிய ஆடை குலைந்து மெல்லியதாகப் படியும் என்பது உண்மைதான். ஆனால் எனக்குத் தேவை பானம், அழகான ஆடை அன்று. ஆடை நீரில் மூழ்கி அடிக்குப் போய்விட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

சேர்க்கும் பொருள்களில் கவனம் வேண்டிய இடம் மசாலா. சாதாரணத் தேயிலை லிட்டருக்கு 6 கிராம், வெள்ளைச் சர்க்கரை 70 கிராம் என்பது என் அளவு. பட்டை, ஏலம், கிராம்பு கலந்த மசாலாத் தேயிலையிலும் நறுமண எண்ணெய் சேர்த்த தேயிலைகளிலும் உள்ள எண்ணெய்கள் ஈஸ்டையும் பாக்டீரியாவையும் நலியச் செய்யும். அவை நலிந்தால் புளிப்பு பிந்தும், புளிப்பு பிந்தினால் நடப்பது தெரிந்ததே. மணம் வேண்டுமானால் புளித்து முடிந்த பின், ஆடையை எடுத்துவிட்டுப் பாட்டிலில் அடைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் பழத்துண்டுகள் பாட்டிலின் கழுத்தில் மிதந்து பூசணம் பிடிக்கக்கூடும் என்பதால் நான் சாறாக மட்டுமே சேர்க்கிறேன். ஜாடியை வைக்கும் இடத்தையும் மாற்றினேன். முதல் ஜாடி இருந்த தட்டுக்கு நேர்க்கீழே வெங்காயக் கூடை இருந்தது. வெங்காயத் தோலில் கரி பூசியதைப் போல் தெரியும் கறுப்பும் பூசணமே, ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்பது அதன் பெயர். கூடையைக் கிளறும்போதெல்லாம் வித்துகள் மேலே எழுந்து பரவியிருக்கும். வித்துகளை ஒழிக்க முடியாது என்றேன். அதற்காக விருந்து வைத்து அழைக்க வேண்டுமா என்ன?

இதே வீட்டில் செய்யும் மற்றப் பானங்களுக்கு வேறு கணக்கு. இஞ்சியையும் சர்க்கரையையும் நீரில் போட்டுச் செய்யும் இஞ்சிப் புளிப்பில், துண்டுகள் மிதந்து தலையை வெளியே நீட்டும். அவை உலர்ந்து பூசணம் பிடிக்காமல் இருக்க நாளுக்கு இருமுறை கிளறினால் போதும். வடநாட்டில் மாசி, பங்குனி மாதங்களில் கறுப்புக் கேரட்டில் செய்யும் காஞ்சியைச் சிவப்புக் கேரட்டும் பீட்ரூட்டும் வைத்துச் செய்கிறேன். அதில் அரைத்துப் போடும் கடுகின் நெடியே பூஞ்சைக்குப் பகை, உப்பும் துணை நிற்கிறது. இருந்தும் துண்டுகளை நீருக்குள் அமிழ்த்த மேலே ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிறேன். நம் நீராகாரத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. சோறு முழுவதும் நீரில் மூழ்கியிருக்கிறது. இரவு ஊற்றியதைக் காலையில் குடித்துவிடுகிறோம். பூஞ்சை வித்து முளைத்து வளர்வதற்கு அந்த நேரம் போதாது. நீருக்கு மேல் சோறு தெரியக் கூடாது என்று பாட்டி சொன்னதற்குக் காரணம் கேட்டால், "காஞ்சு போயிரும்" என்பதற்கு மேல் அவர் விளக்கியதில்லை. அதற்கு மேல் விளக்கவும் தேவையிருக்கவில்லை.

பூசணம் வந்துவிட்ட ஜாடியை என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். பானம், ஆடை, துணி மூன்றும் போக வேண்டும். துணியைத் துவைத்துப் பார்க்கலாமே என்ற சிக்கனம் இங்கே வேண்டாம். கொட்டும்போது ஜாடியைச் சமையலறையில் திறந்துவைத்து வேடிக்கை பார்க்காமல், துணியோடு வெளியே எடுத்துப்போய்க் கொட்டுவது நல்லது. உலர்ந்த வித்துகள் ஒரு மூச்சுக் காற்றிலேயே பறந்துவிடும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதுவே தொல்லை. ஜாடியைச் சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு எச்சமில்லாமல் அலசி, கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கவிழ்த்து முழுவதும் உலரவிட்ட பிறகே மீண்டும் எடுக்கிறேன். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீரை நேரே ஊற்றி ஒரு ஜாடியை இரண்டாகப் பிளந்தவள் என்பதால் சொல்கிறேன், முதலில் வெந்நீர், பிறகு கொதிநீர். பூசணம் வந்த ஜாடியின் ஆடையைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள்.

அப்படியானால் மறுபடி எங்கிருந்து தொடங்குவது? இதற்காகத்தான் ஓர் இருப்பு ஜாடி. ஒவ்வொரு முறையும் மீதமாகும் ஆடையையும் உறைநீரையும் சேர்த்துவைத்த ஒரு லிட்டர் ஜாடி, தெர்மோகோல் பெட்டிக்கு வெளியே, அடுப்புக்கு எதிர்ச்சுவர் அலமாரியில் தனியாக இருக்கிறது. அதன் பிஎச் மூன்றுக்கும் கீழே. நீர்மட்டம் ஆடைகளுக்கு மேல் நான்கு விரற்கடை நிற்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் சர்க்கரைத் தேநீரை ஊற்றுவதைத் தவிர வேறு பணிவிடை எதையும் அது கேட்பதில்லை. கடும் மார்கழியிலும் அதில் ஒரு புள்ளிகூடப் பூத்ததில்லை. அந்த அளவு புளிப்பில் வித்துகள் விழுந்தாலும் முளைக்க வழியில்லை.

போன தையில் வந்திருந்த அம்மா, மதுரைக்குத் திரும்பும்போது அந்த இருப்பு ஜாடியிலிருந்து ஒரு சிறிய ஆடையையும் அரை லிட்டர் உறைநீரையும் கேட்டு வாங்கிப் போனார். நான் அளவு எழுதிக் கொடுத்த தாளைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். பார்த்தாரா என்பது தெரியாது. ஐந்தாம் நாளே போன் வந்தது. "வினிகராட்டம் புளிச்சுப் போச்சு, இதப் போயி ஒரு வாரம் வைக்கச் சொன்னியே?" என்றார். பெட்டியும் பல்பும் இல்லாத அந்தச் சமையலறையில் அப்போது வெப்பநிலை 31 டிகிரி.